ஏற்காட்டுச் சரிவில் நடக்கும் சர்க்கரை நோயாளிக்கு

சேலத்தின் சமதரையில் தினமும் அரை மணி நேரம் நடந்து பழகியவர், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் ஏற்றத்திலும் அதே வேகத்தில் நடந்தால், தசைகள் கூடுதல் குளுக்கோஸை எரிப்பதால் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கக்கூடும். இன்சுலினோ இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் அளந்து பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள். 250-க்கு மேல் இருந்து, சிறுநீர் அல்லது ரத்தப் பரிசோதனையில் கீட்டோனும் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் பொருள்) தென்பட்டால் அன்று நடை வேண்டாம். உழைக்கும் தசைப்பகுதியில் போட்ட இன்சுலின் விரைவாக உறிஞ்சப்படும் என்பதால், அன்று தொடையை விட்டு வயிற்றில் போடுவது நல்லது.

வழியில் கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால், மலைக்குளிரில் வியர்வையா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நெஞ்சு அழுத்தினால் நடையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பலர் அலட்சியப்படுத்துவது பாதங்களைத்தான். இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முனையில் நெருக்கும். மரத்துப்போன காலுக்கு மிளகளவு கல் உறுத்துவதுகூடத் தெரியாது. எனவே அணியும் முன் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். திரும்பியதும் விரலிடுக்குகளைப் பாருங்கள். சர்க்கரை அன்றிரவும் இறங்கலாம் என்பதால், படுக்கும் முன் இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.