2666-க்கு மேல் ஏறாத போர்டில் ராம் டைமிங்கை இறுக்குவது எப்படி

பெங்களூருவின் கம்ப்யூட்டர் சந்தையான எஸ்.பி. ரோட்டில் குறைந்த பட்ஜெட்டில் பிசி கட்டுகிறவர்கள் கையில் அடிக்கடி சேரும் ஜோடி: எச்410 மதர்போர்டு, 10-ஆம் தலைமுறை இன்டெல் ஐ3 அல்லது ஐ5, கூடவே 3200 ஸ்டிக்கர் ஒட்டிய டிடிஆர்4 ராம். வீட்டில் வந்து பார்த்தால் ராம் 2666-இல் ஓடும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. இந்த போர்டில் ஐ3, ஐ5-க்கு அதுதான் உச்சம். ஐ7, ஐ9 போட்டால் 2933. வேகத்தை ஏற்ற வழியில்லை, காத்திருப்பைக் குறைக்க வழி இருக்கிறது. அந்தக் காத்திருப்பைச் சொல்லும் எண்கள்தான் டைமிங்.

முதலில் ஒன்று: ஒரே ஒரு ஸ்டிக் போட்டிருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு அதே மாடலில் இரண்டாவதை வாங்குங்கள். 2666-இல் ஒற்றைச் சேனல் நொடிக்கு 21.3 ஜிபி தரும், இரட்டைச் சேனல் 42.7. எந்த டைமிங்கும் இவ்வளவு கொடுக்காது.

கணக்கு

ராம் சிப்புக்கு நேரம்தான் கணக்கு. ஒரு வரிசையைத் திறக்க இத்தனை நானோசெகண்ட், அதிலிருந்து தரவை எடுக்க இத்தனை என்று அதற்கென்று ஓர் அளவு உண்டு. பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) நாம் எழுதும் 16, 18 எல்லாம் நேரம் அல்ல, கிளாக் துடிப்புகளின் எண்ணிக்கை. ஒரு துடிப்பின் நீளம் தெரிய 2000-ஐ ராம் வேகத்தால் வகுங்கள். 3200-க்கு 0.625 நானோசெகண்ட், 2666-க்கு 0.75.

பெட்டியில் 16-18-18-38 என்று போட்ட 3200 கிட்டை எடுத்துக்கொள்வோம். நான்கும் வரிசையாக சி.எல்., டி.ஆர்.சி.டி., டி.ஆர்.பி., டி.ராஸ். திறந்த வரிசையிலிருந்து தரவு வர ஆகும் துடிப்புகள்தான் சி.எல். அது 16 என்றால் 16 × 0.625 = 10 நானோசெகண்ட். அதே 16-ஐ 2666-இல் வைத்தால் 12 ஆகிவிடும். சிப் 10-க்கே தயார், போர்டு சும்மா காத்திருக்கிறது. எக்ஸ்.எம்.பி. (தயாரித்தவர் ராமிலேயே பதித்துவைத்த வேக அமைப்பு) போடாமல் விட்டால் இன்னும் மோசம்: 2666-க்கான பொதுத்தர எண்கள் 19-19-19-43, அதாவது 14.25 நானோசெகண்ட்.

இப்போது திருப்பிப் போடுங்கள். 10 ÷ 0.75 = 13.3, மேல்நோக்கி முழுமையாக்கினால் 14. பதினெட்டுகள் இரண்டும் 11.25 நானோசெகண்ட்; 0.75-ஆல் வகுத்தால் சரியாக 15. கடைசி 38 என்பது 23.75, அது 32 ஆகும். நம் இலக்கு 14-15-15-32. இதில் ஓவர்கிளாக் எதுவும் இல்லை. தயாரித்தவரே உறுதி சொன்ன நேரத்துக்குள்தான் நிற்கிறோம்.

படி 1: இருப்பதைப் பதிவு செய்யுங்கள்

சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மெமரி, எஸ்.பி.டி. (ராமில் பதிந்த விவரங்கள்) பக்கங்களைப் போனில் படம் பிடியுங்கள். அங்கே 1333 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும், பதற வேண்டாம். டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்புவதால் 1333 என்பதே 2666. முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பிழையான ராம், தவறான தரவைச் சத்தமில்லாமல் டிஸ்க்கில் எழுதிவிடும். இந்த வேலை முடியும்வரை விண்டோஸ் அப்டேட்டும் வேண்டாம்.

படி 2: பயாஸ்

டெலீட் கீயை அழுத்தியபடி உள்ளே போங்கள். கிகாபைட்டில் ட்வீக்கர், எம்.எஸ்.ஐ.யில் ஓ.சி., ஆசஸில் ஏ.ஐ. ட்வீக்கர் என்று பக்கத்தின் பெயர் மாறும். எக்ஸ்.எம்.பி.யை இயக்குங்கள். ராம் வோல்டேஜ் 1.35 ஆகிறதா, டைமிங் கட்டங்களில் எண் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எல்லா எச்410 போர்டும் ஒன்றுபோல் இல்லை. வோல்டேஜ் 1.2-இலேயே பூட்டியிருந்தால் 14-க்கு ஆசைப்படாமல் 18, 17, 16 என்று ஒவ்வொன்றாக இறங்குங்கள். மெமரி ஃபாஸ்ட் பூட் இருந்தால் அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் போர்டு ராமைப் புதிதாகப் பரிசோதிக்கட்டும்.

படி 3: எண்களை இறக்குங்கள்

ஒரேயடியாக எல்லாவற்றையும் எழுதினால் எது உதைத்தது என்று தெரியாது. முதலில் சி.எல். மட்டும் 14, எஃப்10 அழுத்திச் சேமித்து விண்டோஸ் வரை போய்ப் பாருங்கள். அடுத்து டி.ஆர்.சி.டி. (வரிசையைத் திறக்க), டி.ஆர்.பி. (அதை மூட) இரண்டும் 15. இந்தத் தலைமுறை இன்டெலில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் இருக்கும், அதனால் பல பயாஸ்களில் ஒரே கட்டம். கடைசியாக டி.ராஸ் (வரிசை குறைந்தது திறந்திருக்க வேண்டிய நேரம்) 32. இதைப் பிழிந்து பெரிய பலன் இல்லை, 32-இல் விட்டுவிடுங்கள்.

படி 4: டி.ஆர்.எஃப்.சி.

பலரும் தொடாமல் விடுவது இது. ராம் செல்லில் மின்னூட்டம் கசியும். அதனால் சராசரியாக 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கட்டளை போகும், அது முடியும்வரை வேறு வேலை நடக்காது. அந்த இடைவேளையின் நீளம்தான் டி.ஆர்.எஃப்.சி. 8 கிகாபிட் சிப்புக்குப் பொதுத்தர அளவு 350 நானோசெகண்ட்: 350 ÷ 0.75 = 467. போர்டு 560 வைத்திருந்தால், அது 3200-க்கான எண்ணை அப்படியே தூக்கி வந்திருக்கிறது என்று பொருள். 467 எழுதுங்கள். அதற்குக் கீழே போக ஆசையென்றால் 20, 20 ஆகக் குறையுங்கள். 16 கிகாபிட் சிப் என்றால் 550 நானோசெகண்ட், எண் 734.

படி 5: சோதனை

பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இலவசப் பதிப்பின் 4 சுற்றையும் ஓடவிடுங்கள். 16 ஜிபிக்குப் பல மணி நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. 13-ஆம் சோதனையில் (ஒரே வரிசைகளை மீண்டும் மீண்டும் திறந்து பக்கத்து வரிசை கெடுகிறதா என்று பார்ப்பது) மட்டும் பிழை என்றால் பழைய எண்களிலும் ஓட்டிப் பாருங்கள். அங்கும் வந்தால் அது சிப்பின் குணம், உங்கள் டைமிங் காரணமில்லை.

தொடங்கியதுமே பிழை கொட்டினால் பெரும்பாலும் சி.எல். அல்லது 15 எழுதிய இரண்டில் கோளாறு, ஒன்று கூட்டுங்கள். ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகு பிழை என்றால் டி.ஆர்.எஃப்.சி.யைச் சந்தேகியுங்கள், சூட்டில் கசிவு வேகமாகும். பெங்களூரு ஜனவரிக் குளிரில் தேறிய எண்கள், லீவுக்குப் பிசியை வேலூருக்கு எடுத்துப் போனால் மே மாதத்தில் தேறாமல் போகலாம். கேபினட்டை மூடி வைத்தே சோதியுங்கள்.

படி 6: வோல்டேஜை இறக்குவது

1.35 என்பது 3200 ஓடுவதற்குத் தந்த வோல்டேஜ். 2666-இல் அவ்வளவு தேவைப்படாமல் போகலாம். 1.30-இல் ஒரு முழுச் சோதனை, பிறகு 0.02 வோல்ட்டாக இறங்குங்கள். பிழை வந்த இடத்திலிருந்து 0.03 ஏற்றி நிறுத்துங்கள். 1.20 வரை போனால் அதிர்ஷ்டம். மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு மாறுவதால் 1.35-இலிருந்து 1.20 என்பது சுமார் 21 சதவீதக் குறைவு. ஒரு ஸ்டிக் குடிப்பதே சில வாட்தான், கரண்ட் பில்லில் தெரியாது. காற்றோட்டமில்லாத குட்டி கேபினட்டில்தான் இதற்கு மதிப்பு. மறுபக்கம், 1.35-ஐத் தாண்டி ஏற்ற இங்கே எந்தக் காரணமும் இல்லை. பக்கத்திலேயே 2.5 வோல்ட் என்று ஒரு கட்டம் இருக்கும், அது வேறு, தொடாதீர்கள்.

திரையே வரவில்லை என்றால்

இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழுந்து, பழைய எண்களோடு திரும்புகிறதா என்று ஒரு நிமிடம் பொறுங்கள். திரும்பாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். போர்டில் கிளியர் சிமாஸ் என்று குறித்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து விநாடி சேர்த்துப் பிடியுங்கள். பின் கண்ணில் படாவிட்டால் சி.ஆர்.2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். பயாஸ் தொழிற்சாலை நிலைக்குப் போகும், கடிகாரம் தவறாகும், வேறெதுவும் கெடாது.

ஏ.எம்.டி.யின் ரைசன் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து வேகத்தை 2666-க்கு இறக்க வேண்டாம். அங்கே ப்ராசஸரின் உள்பாதையும் ராம் கிளாக்கோடு சேர்ந்தே ஓடுகிறது, இரண்டும் மெதுவாகிவிடும்.

தேறிய எண்களையும் பயாஸ் திரையிலேயே படமெடுத்து வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் எல்லாம் அழிந்து 19-19-19-43-க்கே திரும்பிவிடும்.