உப்புத்தண்ணி ஊரில் ஆர்க்கிட் வாங்குவது எப்படி

ஆர்க்கிட் வாங்க ஆசை வந்துவிட்டதா, சரி, போனை எடுத்துப் படம் பார்ப்பதற்கு முன்னால் சில நூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் சின்னக் கருவி) வாங்கி வீட்டுத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம் எங்கள் வீட்டு போர் தண்ணீர் 2,000ஐத் தாண்டுகிறது. ஆர்க்கிட்டுக்கு 200க்குள் இருந்தால் நல்லது. இதன் வேர்மேல் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை உறை இருக்கும், தண்ணீரை உறிஞ்சிக்கொள்வது அதுதான், தண்ணீர் காய்ந்தபின் உப்பு அங்கேயே தங்கிப்போய் வேர்நுனி கருகிவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையை மாடியிலிருந்து தொட்டிக்கு இறக்கி வையுங்கள், அது தீர்ந்தால் காவிரிக் குடிநீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். எத்தனை செடி வாங்கலாம் என்பதை அந்தத் தொட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது இரவுச் சூடு. கடையில் பளபளவென்று நிற்கும் ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் மறுபடி பூங்கொத்து விட, சில வாரமாவது இரவு கொஞ்சம் குளிர வேண்டும். நான் வாங்கியது இரண்டு மாதம் பூத்தது, அப்புறம் மூன்று வருடம் இலைதான், கீரை வளர்த்த மாதிரி. சிம்பிடியம் வகையைக் கேட்கவே வேண்டாம், அது ஊட்டிக்காரர்களுக்கு.

அப்படியானால் வித்தியாசமாக எதுவும் வளர்க்க முடியாதா? முடியும். என் முதல் ஓட்டு பிராசவோலா நோடோசாவுக்கு. மத்திய அமெரிக்கக் கடலோரத்தில் அலையாத்தி மரங்களில்கூட ஒட்டி வளர்கிற செடி, இலை பென்சில் மாதிரி தடித்திருப்பதால் வறட்சியைத் தாங்கும், வெள்ளைப் பூ பகலில் சும்மா இருந்துவிட்டு இருட்டியதும் மணக்கத் தொடங்கும். இரண்டாவது வாண்டா டெசலேட்டா, நம் நாட்டின் வறண்ட சமவெளி மரங்களிலேயே வளர்வது, பழுப்பு வலை போட்ட இதழும் நடுவில் உதடு மாதிரி ஒரு நீல இதழுமாக ஆள் பார்க்கவே வேறு தினுசு. ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசாவும் முயலலாம், நரிவால் போலச் சரம் தொங்கும், அசாமில் பிஹுவின்போது பெண்கள் அதைத் தலையில் சூடுவார்கள். நீல வாண்டாதான் வேண்டும் என்றால் செருலியா என்ற வாண்டாவைத் தேடாதீர்கள், அது வடகிழக்கு மலைச் செடி. அதை வெப்பநாட்டு சாண்டெரியானா வாண்டாவோடு சேர்த்து உண்டாக்கிய, 1931இல் பதிவான ராத்சைல்டியானா கலப்பினத்தைக் கேளுங்கள்.

ஏமாற்று வேலைகளும் உண்டு. குரங்கு முக ஆர்க்கிட் விதை என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, வாங்கவே வாங்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, அதற்குள் சேமித்த உணவு கிடையாது, பூஞ்சைத் துணையோ ஆய்வகக் குடுவையோ இல்லாமல் முளைக்காது. குரங்கு முகமான அந்த டிராகுலா சிமியா ஈக்வடாரில் மேகம் மூடிய ஈர மலைக்காட்டுச் செடி, முளைத்தாலும் நம் கச்சான் காற்றில் ஒரு நாள் தாங்காது. பளீர் நீல ஃபெலனாப்சிஸ் பெரும்பாலும் சாயம் ஏற்றியது, அடுத்த பூ வெள்ளையாக வரும்.

நேரில் வாங்கினால் வேரைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும், நுனி பச்சையாக இருந்தால் செடி வளர்ந்துகொண்டிருக்கிறது. இலைக் கக்கத்தில் மாவுப்பூச்சி, இலையில் வெளிறிய கோடு இருந்தால் நகர்ந்துவிடுங்கள், கோடு வைரஸாக இருக்கலாம், அதற்கு மருந்து இல்லை. வேரில் மரப்பட்டை ஒட்டியிருக்கிறதா, பழைய இலையில் பாசி படிந்திருக்கிறதா, ஒன்று பெரிசு ஒன்று சிறிசாகக் குவித்து வைத்திருக்கிறார்களா? அது காட்டில் பிடுங்கியதாக இருக்கலாம். விலை குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் வேண்டாம். சீமாட்டிச் செருப்பு ஆர்க்கிட், நீல வாண்டா (அந்தச் செருலியாதான்), சிவப்பு வாண்டா மூன்றும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, நர்சரியில் வளர்த்ததற்கான ரசீது இல்லாமல் தொடாதீர்கள். பெயர்ச் சீட்டும் கேட்டு வாங்குங்கள், "ஊதா ஆர்க்கிட்" என்பது பெயர் இல்லை.

காசு கொஞ்சம் கூடினாலும் பூக்கும் அளவுச் செடியாக எடுங்கள், ஆய்வகக் குடுவையில் முளைத்த வாண்டா கன்று பூக்க நான்கைந்து வருடம் ஆகும். செடித் தொட்டிக்குள் போட அடுப்புக்கரி போதும், சீமைக் கருவேலக் கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? தேங்காய் மட்டை போடுவதானால் நல்ல தண்ணீரில் பல தடவை ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள். வந்த செடியை இரண்டு மூன்று வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி, காற்று நேராக அடிக்காத நிழலில் வையுங்கள்.

கூரியரில் வரவழைப்பது தை, மாசியில் இருக்கட்டும். ஒருமுறை சித்திரையில் வரவழைத்தேன், பெட்டி மூன்று நாள் தகரக் கொட்டகையில் கிடந்து, பிரித்தபோது அவித்த கீரை வாசம் வந்தது. இப்போதெல்லாம் பெட்டி ஊருக்குள் வந்த அன்றே நானே போய் வாங்கிவிடுகிறேன்.