இறுகிய பிஸ்டனை உடைக்காமல் விடுவிக்க

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் மோட்டார் சைக்கிளில் பிஸ்டன் இறுகியிருந்தால், கிக்கரை ஓங்கி மிதிக்காதீர்கள். பிஸ்டன் அசைவதற்குள் கிக்கரின் பற்கள் உடைந்துவிடக்கூடும். பெரும்பாலும் துருவால் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பவை பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளே என்பதால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் சம அளவில் குலுக்கிக் கலந்து, அத்துளை வழியே ஊற்றிச் சில நாள்கள் ஊறவிட வேண்டும். பொறுமையற்றவர்கள் இந்த இடத்தில்தான் சுத்தியலைத் தேடுவார்கள். பின்னர் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு நூல் நகர்ந்தாலும் நல்ல அறிகுறியே. இக்கலவை எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் நெருப்பு கூடாது. அது கீழே கிராங்க் அறைக்குள்ளும் கசிந்திருக்குமாதலால், எஞ்சின் ஆயிலை முழுவதும் வடித்து மாற்றி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டர் சுவரைப் பார்த்த பின்னரே வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள்.