ஸ்பைவேர் தடுப்பு: ஒரு காவலாளி போதும்

ஸ்பைவேர் என்பது உங்களுக்குத் தெரியாமல் கணினியில் புகுந்து தகவல்களை உளவு பார்க்கும் மென்பொருள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற தடுப்பு மென்பொருள் கூடவே வருகிறது. வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் அதுவே போதும். எந்நேரமும் காவல் காக்கும் தடுப்பு மென்பொருள் இரண்டை ஒன்றாகப் போடாதீர்கள். ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுப்பதில் கணினி திணறும். சந்தேகம் வந்தால் மால்வேர்பைட்ஸ் என்ற இன்னொரு தடுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் எப்போதாவது ஒரு ஸ்கேன் ஓட்டலாம். நிறுவியதும் தொடங்கும் பிரீமியம் சோதனைக் காலத்தை அமைப்புகளில் நிறுத்திவிடுங்கள்.

அழித்தும் ஸ்பைவேர் திரும்பத் திரும்ப வருகிறதா? விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் விருப்பங்களைத் திறந்து, ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் வேலையை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள், கணினி ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடுவதால் ஸ்பைவேர் ஒளிவது கடினம். சுமார் 15 நிமிடம் ஆகும்.

பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால் தடுப்பு மென்பொருள்களைச் சோதிக்கும் ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகங்களின் சமீபத்திய முடிவுகளைப் பாருங்கள். ‘உங்கள் கணினியில் 37 வைரஸ்’ என்று பிரவுசரில் குதிக்கும் பெட்டி? அதைத் தொடவே வேண்டாம், டேபை மூடுங்கள்.