கடற்காற்றில் ஒரு கிழட்டுத் துப்பாக்கி

அப்பா மலையகத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. சீமைக்குத் திரும்பிய துரை அவரிடம் விட்டுப்போன இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி இப்போது வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த என் தொடர்மாடி வீட்டில் இருக்கிறது. 12 போர், அதாவது குழலின் வாய்க்கு அளவாக வார்த்த ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல். தோட்டத்தில் பன்றிக்காக இருந்தது. இங்கே அதன் எதிரி உப்புக் காற்று. பன்றியே பரவாயில்லை.

அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கையில் எடுத்தவுடன் குழல்களைக் கீழே மடக்கித் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு குழல்களுக்குள்ளும் பாருங்கள். நேற்று நீங்களே காலியாக வைத்ததாக இருந்தாலும் பாருங்கள்.

துடைகோலைப் பின்பக்கத்திலிருந்து விடுங்கள். பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்தால் அதைவிட நல்ல துணி கடையில் கிடையாது. கரிமருந்துத் தோட்டா, அதாவது புகை கக்கும் பழைய வெடிமருந்து அடைத்தது, சுட்ட குழலுக்கு முதலில் கொதிநீர், எண்ணெய் அப்புறம். கரிமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை இழுக்கும். அதைக் கரைப்பது நீர்தான், எண்ணெய் அதன்மேல் போர்வைபோலக் கிடக்கும். துடைத்து நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசினாகி, குதிரையையும் விசையையும் ஒட்டவைக்கும்.

நெம்புகோல் ரைபிள்களுக்கு இந்த வழி சரிவராது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894 வின்செஸ்டரை ஒருமுறை கையில் பிடித்திருக்கிறேன். நெம்புகோலைத் தாழ்த்தி ஏற்றும்போது எழுந்த அந்த ஓசைக்காகவே மறுபடி மறுபடி செய்தேன். அதன் பின்பக்கம் மூடியிருப்பதால் முன்வாயிலிருந்துதான் துடைக்க வேண்டும். கோல் வாயின் விளிம்பில் உராய்ந்தால் குறி பிசகும். கோலை விரலால் நடுவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழலின்மேல் தண்ணீர் அலைபோலக் கோலம் தெரிகிறதா? இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்த டமாஸ்கஸ் குழல் அது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் இன்றைய தோட்டாவின் அழுத்தத்துக்காகச் செய்ததல்ல. கரிமருந்துக்கு மட்டும் சோதித்த முத்திரை இருந்தால் சுவரோடு நிற்கட்டும். எஃகுக் குழலிலும் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தை அளப்பியுங்கள்: 65 மில்லிமீட்டர் அறைக்குள் 70 மில்லிமீட்டர் தோட்டா மரியாதையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், சுடும்போது அதன் மடிந்த வாய் விரிய இடமின்றி முன்னே நீண்டு வழியை நெரிக்கும், அழுத்தம் ஏறும்.

ஒரு மழைக்காலம் தோலுறையிலேயே விட்டுவிட்டேன். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. திறந்தபோது இடது குழலில் ஒரு கட்டைவிரல் ரேகை, சுழியோடு, செம்மண் நிறத்தில் பதிந்திருந்தது. விரலின் வியர்வையும் உப்புத்தானே! நுண்ணிய எஃகுப் பஞ்சை எண்ணெயில் தோய்த்து அரைநாள் தேய்த்தேன். ரேகை போனது, அந்த இடத்தின் பழுப்புப் பூச்சும் கூடவே போனது. அவசரப்படாதீர்கள், உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். யார் தொட்டாலும், பேரனே தொட்டாலும், உடனே துடையுங்கள்.

பூட்டிய அலுமாரிக்குள் முன்வாய் கீழே இருக்கும்படி, மடித்த துணியின்மேல் நிறுத்துங்கள். நேராக நின்றால் எண்ணெய் மெல்ல வழிந்து மரப்பிடிக்குள் ஊறும். கறுத்து மெத்தென்றாகிவிடும் வால்நட் கட்டையைச் சரிசெய்ய ஆள் தேடி அலைய வேண்டும். மறுநாள் அந்தத் துணியைப் பாருங்கள். பத்து ரூபாய்க் குற்றியளவு எண்ணெய் வட்டம் இருந்தால் சரி. அதைவிடப் பெரிதென்றால் அளவுக்கு மீறிப் பூசியிருக்கிறீர்கள்.