அமெரிக்காவின் பழைய சட்டமன்றக் குறிப்பேடுகள்: படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1776-ல் சுதந்திரம் அறிவித்ததையொட்டிப் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தங்களுக்கென அரசியலமைப்பு எழுதி, சட்டமன்றங்களைக் கூட்டத் தொடங்கின. அந்தக் காலத்து அரசியல் என்றதும் நம் மனம் வாஷிங்டன், ஜெஃபர்சன் என்று பெரிய பெயர்களிடம் போய்விடுகிறது. ஆனால் சாதாரண மக்களின் அன்றாடப் பாட்டைத் தீர்மானித்தவை இந்த மாநில மன்றங்கள்தான். அவற்றின் குறிப்பேடுகளும் மக்கள் கொடுத்த மனுக்களும் இன்று நிறையவே இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. படிக்க ஆரம்பிப்பவர்கள் சில இடங்களில் தவறாமல் தடுக்கி விழுகிறார்கள். எனக்கு நன்கு பழக்கமான வர்ஜீனியாவையும் பென்சில்வேனியாவையும் வைத்தே அவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பேச்சுகளைத் தேடுவது. வர்ஜீனியாவின் பிரதிநிதிகள் அவைக் குறிப்பேட்டில், பேச்சாற்றலுக்குப் பேர்போன உறுப்பினர் பேட்ரிக் ஹென்றியின் அனல் பறக்கும் பேச்சு ஒன்றாவது இருக்கும் என்று திறந்தால் ஏமாற்றம்தான். இன்ன மசோதா இரண்டாம் முறை வாசிக்கப்பட்டது, இன்ன மனு இன்ன குழுவுக்கு அனுப்பப்பட்டது, அவை நாளை காலை வரை ஒத்திவைக்கப்பட்டது. அவ்வளவுதான். அது நடவடிக்கைகளின் பதிவே தவிர விவாதங்களின் பதிவு அல்ல. பென்சில்வேனியா இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். அங்கே 1776 அரசியலமைப்பின்படி கூட்டம் நடக்கும்போது வாரந்தோறும் நடவடிக்கைகளை அச்சிட வேண்டும். இரண்டு உறுப்பினர்கள் கேட்டாலே யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பெயர்வாரியாகப் போட வேண்டும். 1787-ல் தாமஸ் லாயிட் என்பவர் அந்த மன்றத்து விவாதங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்து வெளியிட்டார். யார் என்ன பேசினார் என்று தெரிய வேண்டுமானால் அப்படிப்பட்ட வெளியீடுகளையும் பத்திரிகைகளையும் கடிதங்களையும்தான் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அடுத்தது இதைவிடப் பெரிய தவறு. பெரிய சட்டங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சில்லறை என்று தள்ளிவிடுவது. அந்தச் சில்லறைதான் மன்றத்தின் அன்றாட வேலையே. ஆற்றைக் கடக்கப் படகுத்துறை, புகையிலைச் சோதனைக் கிடங்கு, மாவட்டத்தை இரண்டாகப் பிரிப்பது, போரில் இறந்தவரின் மனைவிக்கு உதவித்தொகை, படைக்குக் கொடுத்த மாட்டுக்கான பாக்கி என்று எல்லாமே மனுக்களாக வந்து குவியும். மனு ஏதாவது ஒரு குழுவுக்குப் போகும். குழு விசாரித்து ‘நியாயமானது’ என்றோ ‘நிராகரிக்கலாம்’ என்றோ அறிக்கை தரும். நியாயம் என்றால் அதற்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றுவார்கள். ஒரே ஒரு மனிதருக்காகக்கூட ஒரு சட்டம்!

ஓட்டுரிமை இருந்தவர்கள்தான் மனு கொடுத்திருப்பார்கள் என்று நினைப்பதும் இதோடு சேர்ந்தே வரும் தவறு. பெண்கள் கொடுத்தார்கள், சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவர் கொடுத்தார்கள், அடிமைகளும் கொடுத்தார்கள். 1781-ல், அமெரிக்கர் பக்கம் போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்துக்காக ஆங்கிலேயப் படைக்குள் நுழைந்து உளவு பார்த்த ஜேம்ஸ் என்பவரைப் பாருங்கள். அவர் வில்லியம் ஆர்மிஸ்டெட் என்பவரின் அடிமை. எஜமானருக்குப் பதிலாகப் படைவீரராகப் போன அடிமைகளுக்கு விடுதலை தர 1783-ல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது. ஜேம்ஸ் செய்தது உளவு வேலை, துப்பாக்கி ஏந்தவில்லை. அதனால் அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தவில்லை. 1784-ல் லஃபாயெத் தன் கைப்பட எழுதிக் கொடுத்த நற்சான்றை இணைத்து 1786-ல் அவர் மனு போட்டார். மன்றம் ஏற்றது. ஆர்மிஸ்டெட்டுக்கு அரசு விலை கொடுத்தது, ஜேம்ஸ் விடுதலையானார், பிறகு ஜேம்ஸ் லஃபாயெத் என்று பெயர் வைத்துக்கொண்டார். விடுதலை கிடைத்ததைக் கொண்டாடுகிற அதே மூச்சில், உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஒன்றும் தராமல் அவருடைய எஜமானருக்குப் பணம் எண்ணிக் கொடுத்த மன்றம் அது என்பதையும் நாம் மறக்கக்கூடாது. ஒரு எச்சரிக்கை: இப்படிப்பட்ட மனுக்களை எழுதிய கை பெரும்பாலும் வேறொருவருடையது. பணிவும் அலங்காரமுமான அந்த நடையை மனுதாரரின் சொந்தக் குரல் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள்.

மசோதா ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று பார்த்தால் பிறகு எப்போதாவது வந்திருக்கும் என்று தேட வேண்டாம். கூட்டத்தொடர் முடிந்தபின் வரும் ஒரு தேதிக்கு ஒத்திவைப்பது மசோதாவைக் கொல்வதற்கு மரியாதையான வழி. சில சமயம் ஒத்திவைப்பு உண்மையாகவே அவகாசம் கேட்பதாகவும் இருக்கும். 1784-ல் வர்ஜீனியாவில் கிறித்தவப் போதகர்களுக்காக வரி வசூலிக்கும் மசோதாவை ஹென்றி ஆதரித்தார், சக உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் எதிர்த்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அதன் மூன்றாம் வாசிப்பை, அதாவது அவையில் அதன் கடைசிக் கட்டத்தை, அடுத்த நவம்பருக்குத் தள்ளினார்கள். மசோதாவையும், தள்ளிவைக்க ஓட்டுப் போட்டவர்கள், எதிர்த்தவர்கள் பெயர்களையும் துண்டறிக்கையாக அச்சிட்டு, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 12 பிரதிகள் கொடுத்து, ஊரில் விநியோகித்து மக்கள் கருத்தைக் கேட்டு வரச் சொன்னார்கள். பதில் மனுக்களாக வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் எதிர்ப்பில் குவிய, மசோதா அப்படியே மடிந்தது. ஜெஃபர்சன் எழுதிவைத்திருந்த மதச் சுதந்திரச் சட்டத்தை மேடிசன் நிறைவேற்றியது அந்தக் காற்றில்தான்.

இதே கதையில் இன்னொரு தவறுக்கும் மருந்து இருக்கிறது. 1784 நவம்பரில் ஹென்றி ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்றைய கண்ணோடு பார்த்தால் அது பதவி உயர்வு, அதிகாரம் கூடியிருக்கும். ஆனால் அன்றைய வர்ஜீனியாவில் ஆளுநரைத் தேர்ந்தெடுப்பதே சட்டமன்றம்தான், ஓராண்டுக்கு மட்டும். மசோதாவைத் தடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஹென்றி அவையை விட்டு வெளியேறியதும் லாபம் மேடிசனுக்கு.

தேதியிலும் பணத்திலும் கவனம் தேவை. சட்டங்களைக் கூட்டத்தொடர் தொடங்கிய மாதத்தின் பெயரால் குறிப்பது வர்ஜீனியா வழக்கம். அதனால் 1786 ஜனவரியில் நிறைவேறிய மதச் சுதந்திரச் சட்டம் 1785 அக்டோபர் தொடரின் கீழ் இருக்கும். பவுன், ஷில்லிங் என்று தொகைகள் வரும்போது அது இங்கிலாந்துப் பவுன் அல்ல. மாநிலத்துக்கு மாநிலம் மதிப்பு மாறும். ஒரு ஸ்பானிஷ் டாலர் வர்ஜீனியாவில் 6 ஷில்லிங், பென்சில்வேனியாவில் ஏழரை, நியூயார்க்கில் 8.

கடைசியாக, கோரம் (quorum), அதாவது அவை நடக்கக் குறைந்தது இத்தனை உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்ற கணக்கு. ‘போதிய உறுப்பினர்கள் இல்லாததால் அவை கலைந்தது’ என்ற வரியைப் பார்த்ததும், மோசமான சாலை, அறுவடைக் காலம் என்று கடந்துவிடுகிறோம். பல நாட்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் வராமல் இருப்பது ஓர் ஆயுதமாகவும் இருந்தது, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் இருந்தாக வேண்டிய பென்சில்வேனியாவில்.

1787 செப்டம்பர் 28. புதிய அமெரிக்க அரசியலமைப்பை ஏற்பதா என்று முடிவெடுக்க ஒரு மாநில மாநாட்டைக் கூட்டும் தீர்மானம் காலையில் வந்தது. தொடர் மறுநாள் முடிகிறது. யோசிக்க அவகாசம் இல்லை என்று எதிர்த்தவர்கள் மதியத்துக்கு மேல் வரவே இல்லை. 69 பேரில் 46 பேர் வேண்டும்; இருந்தது 44. மறுநாள் காலை அவைக் காவலரும் துணை எழுத்தரும் போய் அழைத்தும் அவர்கள் மறுத்தார்கள். அப்புறம் ஒரு கூட்டம் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குள் புகுந்து, மக்கால்மண்ட், மைலி என்ற இருவரைத் தெரு வழியே இழுத்துவந்து அவையில் உட்கார வைத்தது. எண்ணிக்கை 46 ஆனது.

மக்கால்மண்ட் எழுந்து, என்னைப் பலவந்தமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், போக விடுங்கள் என்றார். விதியைப் படிக்கச் சொன்னார். கோரம் குறையும்படி வராமல் இருந்தால் அபராதம் 5 ஷில்லிங் என்று படித்தார்கள். இதோ 5 ஷில்லிங், என்னை விடுங்கள் என்று நீட்டினார். அவை சிரித்தது. அபராதம் வாங்குபவர் இப்போது இடத்தில் இல்லை என்றார் சபாநாயகர் தாமஸ் மிஃப்லின். அவரைப் போக விடவில்லை, தீர்மானம் நிறைவேறியது. விலகிப்போனவர்களில் 16 பேர் தங்கள் தரப்பை விளக்கி மக்களுக்கு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த அறிக்கையைப் படிக்காமல், அன்றைய வருகைப் பதிவை மட்டும் பார்ப்பவர்களுக்கு 46 பேர் கூடிய வழக்கமான ஒரு நாளாகத்தான் அது தெரியும்.