அம்மாவோ அப்பாவோ பிழைக்க மாட்டார் என்பதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

நோய் இனி குணமாகாது என்று தெரிந்ததும் குழந்தைக்குச் சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவதை மூன்று வயதுக் குழந்தைகூட கவனிக்கும். காரணம் தெரியாவிட்டால் தானே ஒன்றைக் கற்பித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது 'நான் அடம்பிடித்ததால்தான்' என்பதாக இருக்கும்.

குழந்தை நம்பும் ஒருவர் சொல்லட்டும். முடிந்தால் நோயாளியும் பக்கத்தில் இருக்கலாம். தூங்கப்போகும் நேரமும் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் ஆகாது. முதலில், "அப்பாவுக்கு என்னன்னு நீ நினைக்கிறே?" என்று கேட்டு, அந்தப் பதிலிலிருந்து தொடங்குங்கள்.

"அப்பாவுக்குக் கல்லீரல்ல புற்றுநோய். டாக்டருங்க மருந்து குடுத்துப் பார்த்தாங்க, கேக்கலை. அப்பா இறந்துபோயிடுவார்."

கடைசி வார்த்தை எளிதில் வாயில் வராது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். 'தூங்கிடுவார்' என்றால் குழந்தை தூங்கவே பயப்படும். 'சாமிகிட்ட போறார்' என்றால் எப்போது திரும்புவார் என்று காத்திருக்கும். ஐந்து வயதுக்குள் சாவு மீளாதது என்பது முழுதாகப் புரியாது. நோயின் பெயரைச் சொல்லாமல் 'உடம்பு சரியில்லை' என்றால், தனக்குச் சளி பிடித்தாலும் செத்துவிடுவோமோ என்று நினைக்கும்.

இது உன்னால் வரவில்லை, கட்டிப்பிடித்தால் ஒட்டாது (புற்றுநோய்க்கு இது பொருந்தும், வேறு நோய் என்றால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்) என்பதையும் அப்போதே சொல்லுங்கள். பிறகு உன்னை யார் பார்த்துக்கொள்வார் என்பதை ஆளின் பெயரோடு சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட்டாலும் குழந்தைக்கு அதுதான் பெரிய கவலை.

"எப்போ?" என்று கேட்டால் தேதி சொல்லாதீர்கள். "தெரியாது. ஏதாவது மாறினா உன்கிட்ட சொல்லிடுவேன்" என்பது போதும். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். கேட்ட கையோடு விளையாட ஓடினால் அது கல்நெஞ்சமல்ல; குழந்தையால் துக்கத்தைத் துண்டுதுண்டாகத்தான் தாங்க முடியும். அதே கேள்வியை மறுநாளும் கேட்கும். அதே சொற்களில் பதில் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்முன் மூக்கில் குழாய், மெலிந்த முகம், பாதிப் பேச்சில் தூங்கிவிடுவது எல்லாவற்றையும் விவரியுங்கள். கடைசி நாட்களில் மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கரகரப்புக் கேட்கும், கை சில்லிட்டிருக்கும். வருவதும் வராததும் குழந்தையின் விருப்பம். பாதியில் வெளியே கூட்டிப்போகத் தனியாக ஒரு பெரியவர் இருக்கட்டும்.

வகுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள். படுக்கையில் சிறுநீர் போவது, வயிற்றுவலி, படிப்பில் சரிவு எல்லாம் வரக்கூடும். வாரக்கணக்கில் குறையாவிட்டால் குழந்தைகள் மனநல ஆலோசகரைப் பாருங்கள். "நானும் அப்பாவோட செத்துப்போறேன்" என்று சொன்னால் அன்றே பாருங்கள், குழந்தையைத் தனியே விடாதீர்கள்.